கோட்டைப் பாருங்கண்ணே: ஐசிடிக்குப் போகிறவருக்கு ஐஎம்டி சுடும் பயிற்சி, முதலிலிருந்து கடைசி வரை

சிங்கப்பூரில் போர்க்காலப் படைவீரராக, அதாவது தேசிய சேவையை முடித்துவிட்டு ரிசர்விஸ்டாக, இருப்பவர் கைக்குத் துப்பாக்கி ஆண்டுக்கு ஒருமுறை வரும். சில ஆண்டு அதுவும் வராது. மீதி நாளெல்லாம் அந்தக் கை கீபோர்டு தட்டும், லாரி ஓட்டும், பிள்ளைக்குச் சோறு ஊட்டும். அப்புறம் ஒருநாள் ஐசிடிக்கு, அதாவது முகாமில் நடக்கும் மறுபயிற்சிக்கு, அழைப்பு வரும். பாம்ப் ஷெல்டரில் பழைய பெட்டிகளுக்கு அடியில் கிடக்கும் பச்சைப் பையை இழுத்து, பூட்ஸின் அடிப்பாகம் பிய்ந்து வருகிறதா என்று தட்டிப் பார்த்து, முகாமுக்குள் போக வேண்டியதுதான். நிஜச் சுடுதளத்துக்கு முன்னால் ஒரு சில மணி நேரம் கிடைக்கும் பாருங்கள், திரைக்கு முன் படுத்துச் சுடும் ஐஎம்டி, அதைப் பற்றித்தான் இந்த வழிகாட்டி.

பெரும்பாலானவர்கள் அதை ஒரு வீடியோ கேம் போல முடித்துவிட்டு வருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். ஓர் ஐசிடியில் ஐந்து தோட்டா சுட்டேன்; ஐந்தும் ஐந்து திசையில். பக்கத்தில் படுத்திருந்த செக்‌ஷன் நண்பன் "போபோ" என்று சொல்லிச் சிரித்தான். குறி தவறுகிறவனுக்கு இங்கே அதுதான் பட்டம். பயிற்சி நடத்திய சார்ஜென்ட் தமிழர், என்னைவிடப் பத்து வயது இளையவர். குனிந்து என் காதருகே சொன்னார்: "மார்க்கை விடுங்கண்ணே. கோட்டைப் பாருங்க."

திரையில் ஒரு மெல்லிய கோடு ஓடியது. விசையை அழுத்துவதற்கு முன் என் குறி எங்கெல்லாம் போனது என்பதன் தடம் அது. குறிக்கு மேலே இரண்டு சுற்று சுற்றி, நடுவில் வந்து நின்று, கடைசி நொடியில் பல்லி சுவரிலிருந்து விழுவது போலச் சடாரென்று கீழே இறங்கியிருந்தது. ஐந்து முறையும் அதே இறக்கம். இத்தனை வருடம் சுட்டும் எனக்குத் தெரியாத என் கோளாறு அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

முதலில் அந்த இயந்திரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

உங்கள் கையில் தருவது சிங்கப்பூர்ப் படையின் துப்பாக்கியான சார் 21 வடிவம்தான். எடையும் பிடியும் ஏறக்குறைய அதேதான். ஆனால் தோட்டா போகாது. விசை விழுந்ததும் லேசர் ஒளி ஒன்று திரையில் படும். அது பட்ட இடத்தைக் கணினி பிடித்து, அந்தத் தூரத்துக்குத் தோட்டா எவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, எங்கே பட்டிருக்கும் எனக் காட்டும். காற்றழுத்தம் துப்பாக்கியைப் பின்னால் ஓர் உதை உதைக்கும். நிஜ உதையைவிடக் கொஞ்சம் சாதுவானது.

இந்த வகை இயந்திரங்களைப் பரவலாக்கிய நிறுவனங்களில் ஒன்றை அமெரிக்காவில் தொடங்கியவர் ஜோடி ஷெக்டர், 1979ல் ஃபார்முலா 1 உலக வெற்றியாளராக வந்த கார் பந்தய வீரர். வளைவில் காரைத் திருப்பியவருக்கும் விசையை அழுத்துகிறவருக்கும் ஒரே கவலைதான் போலிருக்கிறது: கடைசி அரை நொடியில் கை என்ன செய்கிறது?

மதிப்பெண் "பட்டதா, படவில்லையா" என்று மட்டும் சொல்லும். ஏன் என்பது கோட்டில் இருக்கிறது. ஐஎம்டிக்கு உள்ளே போகும்போது இந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்திருந்தால், மிச்சமெல்லாம் பின்னாலேயே வரும்.

படி 1: போவதற்கு ஒரு வாரம் முன், வீட்டிலேயே

வீட்டில் துப்பாக்கி இருக்காது, இருக்கவும் கூடாது. பரவாயில்லை. செய்வதற்கு மூன்று வேலை இருக்கிறது.

ஒன்று, உங்களுடைய ஆதிக்கக் கண் எது என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சிறு முக்கோண ஓட்டை வைத்து, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தை இரு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ, அதுதான். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஆதிக்கமாக இருப்பது அபூர்வமில்லை. அப்படி இருந்தால் பயிற்சி தொடங்கும் முன்பே சார்ஜென்ட்டிடம் சொல்லிவிடுங்கள். படுத்து ஐந்து தோட்டா சுட்ட பிறகு சொன்னால் அவருக்கும் எரிச்சல், உங்களுக்கும் நேரம் போச்சு.

இரண்டு, கண்ணாடி. பவர் மாறி ஓராண்டாகியும் கண்ணாடி மாற்றாமல் போகிறவர்கள் ஏராளம். 300 மீட்டர் குறி மங்கலாகத் தெரிந்தால் அதற்கு எந்தப் பயிற்சியும் மருந்தாகாது. மூக்கிலிருந்து வழுக்காமல் இருக்கப் பின்னால் கட்டும் பட்டை ஒன்று வாங்கி வையுங்கள்.

மூன்று, மூச்சு. நாற்காலியில் உட்கார்ந்து சாதாரணமாக மூச்சு விடுங்கள். காற்று வெளியே போனதும், அடுத்த மூச்சு இழுக்குமுன் இரண்டு மூன்று நொடி உடம்பே அசையாமல் நிற்கும். அந்த இடைவெளியை அடையாளம் கண்டுகொள்ளுங்கள். எம்ஆர்டியில் நின்றுகொண்டேகூடச் செய்யலாம், யாருக்கும் தெரியாது.

படி 2: திரைதானே என்று அலட்சியம் வேண்டாம்

தோட்டா இல்லாத துப்பாக்கிதான். இருந்தாலும் அதில் தோட்டா இருக்கிறது என்றே நடந்துகொள்ளுங்கள். குழல்முனை எப்போதும் திரைப் பக்கம். சுடும் நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே. கட்டளை வரும்வரை சேஃப்டி போட்டிருக்கட்டும். காற்றுக்குழாய் கால்மாட்டில் கிடக்கிறதா, மேலே படுத்துவிடவில்லையே என்று ஒருமுறை பாருங்கள்.

இது வாயாங் இல்லை, சும்மா நடிப்பு இல்லை. ஐஎம்டியில் பேச்சுவாக்கில் பக்கத்து ஆளிடம் திரும்பும்போது துப்பாக்கியும் கூடத் திரும்பினால், நாளைக்கு நிஜச் சுடுதளத்திலும் அது திரும்பும். கை எதைப் பழகுகிறதோ அதையே செய்யும். இடத்தைப் பார்த்து மாற்றிக்கொள்ளாது.

தலைக்கவசத்தையும் அங்கியையும் போட்டுக்கொண்டே சுடுங்கள். ஏசி அறையில் டி-சட்டையோடு படுத்துச் சுட்டவரின் கன்னம் ஓர் இடத்தில் இருக்கும். மறுநாள் கவசம் நெற்றியைத் தள்ளும்போது அது வேறு இடத்துக்குப் போய்விடும். அங்கே தொலைந்ததை எங்கே தேடுவீர்கள்?

படி 3: படுக்கும் முறை

இங்கே கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். பத்தில் ஏழு கோளாறு படுக்கையிலேயே பிறக்கிறது என்பது என் அனுபவம்.

ஒரு சின்னக் கணக்கு. சார் 21 ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் நீளம். பின்கட்டை தோளில் ஊன்றியிருக்க, குழல்முனை வெறும் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால், 100 மீட்டரில் குறி சுமார் 12 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். 300 மீட்டரில் 37 சென்டிமீட்டர். ஆள் வடிவக் குறிக்கு வெளியே போக அது போதும். ஒரு மில்லிமீட்டரைத் தசையின் பலத்தால் பிடித்து வைக்க முடியாது. எலும்பின்மேல் உட்கார வைக்க வேண்டும்.

வயிற்றில் படுத்து, கால்களை வசதியாக அகட்டி, குதிகால் தரையில் படியும்படி வையுங்கள். பின்கட்டை தோள்குழியில் ஆழமாக உட்காரட்டும். தோள் எலும்பின்மேலே இருந்தால் ஒவ்வொரு உதைக்கும் இடம் மாறும். தாங்கும் கையின் முழங்கை முடிந்தவரை துப்பாக்கிக்கு அடியில். கன்னத்தைக் கட்டைமேல் வைத்து, தலையணையில் சாய்வது போல முழு எடையையும் விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான சோதனை. குறியைப் பாருங்கள். கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்துங்கள். கண்ணைத் திறங்கள். குறி எங்கே இருக்கிறது? வலப்பக்கம் நகர்ந்திருந்தால், இவ்வளவு நேரம் நீங்கள் தசையால் துப்பாக்கியை இழுத்துப் பிடித்திருந்தீர்கள் என்று அர்த்தம். கையால் சரிசெய்யாதீர்கள். தாங்கும் முழங்கையை ஆணி போல வைத்துக்கொண்டு இடுப்பையும் காலையும் நகர்த்துங்கள். மறுபடி கண்ணை மூடித் திறங்கள். மூன்று நான்கு தடவையில் குறி தானாக வந்து நடுவில் உட்காரும். அதுதான் உடம்பு தானே நோக்கும் புள்ளி.

நிஜச் சுடுதளத்தில் இதைச் செய்ய நேரம் தரமாட்டார்கள். ஐஎம்டியில் தருவார்கள். கேளுங்கள்.

ஸ்கோப் பற்றி ஒரு வார்த்தை. சார் 21 மேல் 1.5 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப் கூடவே இருக்கிறது. கண் சரியான இடத்தில் இல்லையென்றால் ஓரத்தில் பிறை போல ஒரு கறுப்பு நிழல் விழும். நிழல் எந்தப் பக்கமோ, தோட்டா அதற்கு எதிர்ப்பக்கம் போகும். கன்னம் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பட்டால் நிழலே வராது. நம் அப்பா, மாமா தலைமுறை எம்16 வைத்துக்கொண்டு முன்குறியின் முனையையே பார்த்து, இலக்கை மங்கலாக விட்டுச் சுட்டவர்கள். அவர்கள் சொல்லும் அந்த ஆலோசனை அந்தத் துப்பாக்கிக்குச் சரி. இதற்கு அப்படியே பொருந்தாது. குடும்ப விருந்தில் இதை விளக்கப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

படி 4: நடுவை மறந்துவிட்டு, கூட்டமாகச் சுடுங்கள்

முதல் ஐந்து தோட்டா எங்கே படுகிறது என்பது பொருட்டே இல்லை. ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கத்தில் படுகிறது என்பதை மட்டும் பாருங்கள். ஐந்தும் இடது மேல் மூலையில் ஒரு கைப்பிடிக்குள் விழுந்தால் நீங்கள் நன்றாகச் சுடுகிறீர்கள். குறிதான் ஒத்துவரவில்லை, அதைத் திருத்திக்கொள்ளலாம். ஐந்தில் ஒன்று நடுவிலும் மற்ற நான்கு நாலாபக்கமும் விழுந்தால், அந்த ஒன்றும் அதிர்ஷ்டம்தான்.

"கடைசியாப் பட்டது இடப்பக்கம், அதனால இப்போ கொஞ்சம் வலப்பக்கம் குறி வைக்கிறேன்" என்று துரத்துவது பழைய தவறு. ஐந்தும் முடியும்வரை ஒரே புள்ளியைக் குறிவையுங்கள்.

படி 5: விசையும் கோடும்

மூச்சு வெளியே போய் நிற்கும் அந்த இடைவெளியில் விசையை அழுத்தத் தொடங்குங்கள். விரல் நுனியின் சதைப்பகுதி மட்டும் விசையில். நேராகப் பின்னால், மெதுவாக, ஒரே சீராக. எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று உங்களுக்கே சரியாகத் தெரியாமல் இருந்தால் நல்லது. எட்டுப் பத்து நொடிக்குமேல் மூச்சை அடக்கி வைத்திருந்தால் கண் மங்கும், உடம்பு நடுங்கும். விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

சுட்டு முடிந்ததும் பயிற்சியாளரிடம் மறுஓட்டம் போடச் சொல்லுங்கள். கோட்டின் நிறமும் தோற்றமும் இயந்திரத்துக்கு இயந்திரம் மாறலாம். சேதி மாறாது.

கோடு மேலும் கீழுமாக நீண்ட ஊசல் போல இருந்தால் மூச்சு. நீங்கள் மூச்சு விட்டுக்கொண்டே சுடுகிறீர்கள்.

இடவலமாக ஒரே பக்கம் இழுத்துக்கொண்டே போனால், படுக்கை. படி 3க்குத் திரும்புங்கள்.

நடுவில் அழகாக நின்று, கடைசிக் கணத்தில் மட்டும் சடாரென்று விழுந்தால், அது என்னுடைய வியாதி. உதை வரப்போகிறது என்று தோள் முன்கூட்டியே பயந்து தள்ளுகிறது, அல்லது விரல் விசையைப் பிடுங்குகிறது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே வரும்.

சுடும்வரை ஒழுங்காக இருந்து, சுட்ட மறுகணமே கோடு திரைக்கு வெளியே பறந்தால், பட்டதா என்று பார்க்கத் தலையைத் தூக்குகிறீர்கள். இந்தத் தோட்டா தப்பித்திருக்கலாம், அடுத்தது தப்பாது. விசையைப் பின்னாலேயே பிடித்து, உதை அடங்கி, குறி மறுபடி நடுவுக்கு வந்த பிறகு விரலை விடுங்கள்.

சிறு வட்டங்களாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் அது உயிருள்ள மனிதன். அதை விட்டுவிடுங்கள். யாருடைய கோடும் புள்ளியாக நிற்காது. வட்டம் சிறிதாக இருக்கிறதா, விசை விழும்போது வட்டம் உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

சில இயந்திரங்களில் விசைமேல் விழும் அழுத்தமும் துப்பாக்கி பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணமும்கூடத் தெரியும். இருந்தால் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

என் வியாதிக்கு அந்தச் சார்ஜென்ட் கொடுத்த வைத்தியம் 10 காசு. துப்பாக்கியின் முனையருகே ஒரு நாணயத்தை நண்பன் வைப்பான், நான் வெறும் விசையை அழுத்த வேண்டும், நாணயம் விழக்கூடாது. முதல் ஆறு முறை டிங், டிங் என்று தரையில் விழுந்தது. போபோ என்று சிரித்தவன்தான் ஒவ்வொரு முறையும் குனிந்து எடுத்து வைத்தான். பத்தாவது தடவை நின்றது. அதற்குப் பிறகு அவனைப் படுக்க வைத்து நான் நாணயம் வைத்தேன். அவனுக்கும் விழுந்தது. சிரிப்பு நின்றது.

இன்னொரு வழி, எப்போது சுடாது என்று சொல்லாமல் இடையிடையே துப்பாக்கி சுடாமல் போகும்படி பயிற்சியாளரை அமைக்கச் சொல்வது. சுடாத அந்தத் தடவையில் முனை குபுக்கென்று குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். கூடவே, துப்பாக்கியில் அடைப்பு வந்தால் உடனே செய்ய வேண்டிய ஐஏ என்ற கைப்பழக்கமும் ஒரே வேலையில் நடக்கும்.

படி 6: இப்போதுதான் வேகம்

கூட்டம் சேர்ந்த பிறகே எழுந்து விழும் குறிகளுக்குப் போங்கள். நிறையப் பேர் இங்கேதான் தொடங்குகிறார்கள், விளையாட்டு போல இருப்பதால். கோளாறோடு வேகம் சேர்ந்தால் கோளாறு வேகமாகப் பழகும்.

தூரத்துக் குறி கொஞ்ச நேரம்தான் நிற்கும் என்று அவசரப்படாதீர்கள். 300 மீட்டருக்குத் தோட்டா அரை நொடிக்குள் போய்விடும். நேரத்தைத் தின்பது நீங்கள் குறியைக் கண்டுபிடிப்பதுதான். கண்ணைத் திரை முழுக்க இடமிருந்து வலமாக ஓடவிட்டு, அசைவு தெரிந்ததும் உடம்போடு திரும்புங்கள். மண்டியிட்டுச் சுடுவதையும், குழிக்குள் நின்று சுடுவதையும் மேகசின் மாற்றுவதையும் இதே நேரத்தில் பழகலாம். மேகசின் மாற்றும்போது கண் கீழே போகாமல் இருந்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

படி 7: எதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும்

ஐஎம்டி துப்பாக்கிக்குப் போட்ட குறித்திருத்தம், அதாவது ஸ்கோப்பைத் திருகிக் குறியை ஒத்துவரச் செய்தது, அந்தத் துப்பாக்கிக்கும் அந்தத் திரைக்கும்தான். உங்கள் பெயரில் ஆயுதக்கிடங்கிலிருந்து வரும் துப்பாக்கிக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. "நேத்து ரெண்டு கிளிக் இடப்பக்கம் வச்சேன், இன்னைக்கும் வைக்கிறேன்" என்று திருகியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நிஜத் துப்பாக்கிக்கு நிஜத் தோட்டாவில்தான் திருத்தம்.

இயந்திரம் சொல்லித்தராத வேறு சிலவும் உண்டு. காதடைப்பானையும் தாண்டி மார்பில் இடிக்கும் அந்தச் சத்தம். மழை நின்றதும் தரையிலிருந்து எழும் புழுக்கம். கண்ணாடிக்குள் வழியும் வியர்வை. முழங்கையில் ஏறும் எறும்பு. பக்கத்து ஆள் சுட்ட வெற்றுக்கூடு சூடாகக் கழுத்துக்குள் விழுவது. முதல் நிஜத் தோட்டாவில் எல்லோரும் கொஞ்சம் திடுக்கிடுகிறார்கள், அது அவமானமில்லை. இரண்டாவதற்கு முன் ஒரு முழு மூச்சு விட்டு, நாணயத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

பாசிர் லாபா முகாமில் உள்ள உள்ளரங்கச் சுடுதள வளாகத்தில் சுட வாய்ப்புக் கிடைத்தால் இந்த இடைவெளி கொஞ்சம் குறையும். நிஜத் தோட்டா, ஆனால் மழையில்லை, எங்கே பட்டது என்பது உடனே திரையில் தெரியும். இடநெருக்கடியுள்ள தீவு இப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

வேறு நாட்டு ரிசர்விஸ்டுகளுக்கும் இதே நேரப் பஞ்சம்தான். அமெரிக்காவில் அவர்களுக்கு வழக்கமாக மாதம் ஒரு வார இறுதி. அங்கே 2019ல் தரைப்படை வெளியிட்ட சுடுதிறன் கையேடு பயிற்சியை ஆறு கட்டமாகப் பிரிக்கிறது: முதலில் அடிப்படைப் பாடம், இரண்டாவது திரைப்பயிற்சி, மூன்றாவது கைப்பழக்கம், நிஜத் தோட்டா நான்காவதில்தான் வருகிறது. கடைசித் தேர்வில் 40 குறி. 23 பட்டால் தேர்ச்சி, 36 பட்டால் உயர்நிலை. நம் கணக்கு வேறு, வரிசை மட்டும் அதே வரிசை. திரை முன்னால், தோட்டா பின்னால்.

படி 8: ஒரு சின்ன நோட்டு

சட்டைப்பையில் அடங்கும் நோட்டு ஒன்றில் மூன்றே மூன்று விஷயம் எழுதி வையுங்கள்: கன்னம் கட்டையில் எங்கே பட்டபோது நிழல் மறைந்தது, கோடு அடிக்கடி எந்தப் பக்கம் ஓடியது, எந்தத் திருத்தம் பலித்தது. என்னுடையதில் நான்கு ஐசிடிக்கும் சேர்த்து ஒன்றரைப் பக்கம்தான் ஆகியிருக்கிறது. "கீழே விழுது. 10 காசு. 12 தடவை" என்று இரண்டு ஆண்டு வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆண்டுக்கு அதிகபட்சம் 40 நாள் என்ற சேவையில், ஓர் அழைப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே உடம்பு எல்லாவற்றையும் மறந்துவிடும், நோட்டு மறக்காது.

நிஜச் சுடுதளம் முடிந்த அன்று மாலையே முடிவையும் அதில் குறித்துவிடுங்கள். ஆனால் துப்பாக்கி துடைத்த பிறகு. ஐஎம்டி துப்பாக்கியைச் சுட்டுவிட்டு அப்படியே வைத்துவிட்டு வரலாம். நிஜத் துப்பாக்கியில் கரி பிடித்திருக்கும். வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். அது வெள்ளையாகவே வெளியே வரும்வரை இரவுச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்க முடியாது.